தட்டைப் பாதமும் ஒரு பாவப்பட்ட எலும்பும்

கேள்வி: என் மகனுக்குத் தட்டைப் பாதம். சீருடை வேலைக்குப் போனால் கழித்துவிடுவார்களாமே! கணுக்கால் எலும்பின் வடிவம்தான் காரணமா?
– ஒரு தகப்பன், திருத்தங்கல்

பதில்: அந்த எலும்பை ஏன் சார் திட்டுகிறீர்கள்? டேலஸ் என்று பெயர். உடம்புப் பாரம் முழுக்க அதன் தலையில். தாங்கிப் பிடிக்க ஒரு தசைகூட அதில் ஒட்டியிருக்கவில்லை. குதிகால் எலும்பின் மேல், நார்களை நம்பி உட்கார்ந்திருக்கிறது. உட்காரும் இடம் சரிவாக இருந்தாலோ, நார் தளர்ந்தாலோ அதன் தலை உள்பக்கம் சாயும். பாத வளைவு இறங்கிவிடும். வடிவம் கூட்டாளிதான், தனிக் குற்றவாளி இல்லை.

செருப்புக்கும் பங்குண்டு. கர்நாடகத்தில் 2,300 பிள்ளைகளைப் பார்த்து 1992இல் வெளிவந்த ஆய்வில், காலணி போட்டவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம்; வெறுங்காலர்களில் 2.8தான். உங்கள் சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஆலையில் வெடிமருந்து அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றுவது பொறிக்குப் பயந்து. பாதத்துக்கும் அது உபகாரம் போலிருக்கிறது!

பையனை நுனிக்காலில் நிற்கச் சொல்லுங்கள். வளைவு எழும்பினால் இளகிய வகை. வலி இல்லையென்றால் பெரும்பாலும் வைத்தியம் வேண்டாம். ஈரக்காலோடு சிமென்ட் தரையில் நடக்கவிட்டும் பார்க்கலாம். சிவகாசி வெயில், தடம் காய்வதற்குள் குனிந்துவிடுங்கள்.