வண்டியை ஸ்டேஷனுக்கு விடு!

எண்பதுகளில் திருச்சி ஜங்ஷனிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் காவல்துறை, நீதித்துறை எல்லாமே கண்டக்டர்தான். தோளில் தோல் பை, விரலிடுக்கில் மடித்த நோட்டு, வாயில் விசில். மெயின் கார்டு கேட் தாண்டி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கூட்டம் அம்மும்போது, "ஜேப்படி ஏறியிருக்கான், பர்ஸைப் பாத்துக்குங்க" என்று குரல் கொடுப்பார். உடனே எல்லோரும் அவரவர் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். எது எங்கே இருக்கிறது என்று ஜேப்படிக்காரனும் பார்த்துக்கொள்வான்.

அப்படியும் பர்ஸ் போய்விட்டால் நடைமுறை ஒன்றுதான். நீளமாக ஒரு விசில். "அண்ணே, வண்டிய ஸ்டேஷனுக்கு விடுங்க." காவிரிப் பாலம் ஏற வேண்டிய பஸ் கோட்டை போலீஸ் ஸ்டேஷனுக்குத் திரும்பும். ஒருத்தரும் இறங்கக் கூடாது. ஆபீஸுக்கு லேட், ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு போகணும், எதுவும் எடுபடாது. பாகவதரிலிருந்து கைக்குழந்தை வரை அத்தனை பேரும் சந்தேக நபர்கள். இன்றைய வக்கீல்கள் கேட்டால் மயக்கம் போடுவார்கள். ஆனால் ஸ்டேஷன் வாசல் தெரிந்ததுமே யாராவது ஒருவர் குனிந்து, "இந்தா, சீட்டுக்கடியில கெடக்கு சார்" என்பார். பணம் அப்படியே இருக்கும். எடுத்துக் கொடுத்தவருக்கு நன்றி சொல்வதா, நாலு சாத்துவதா என்று தெரியாமல் பர்ஸ்காரர் முழிப்பார்.

பஸ்ஸில் எல்லாமே கண்டக்டர் என்றால், ரயிலில் போலீஸே இரண்டு வகை. உங்கள் பெட்டி போனால் மாநில அரசின் ரயில்வே போலீஸ். ரயில் பெட்டியின் விசிறி போனால், 1957 சட்டத்தில் பிறந்த ரயில்வே பாதுகாப்புப் படை. 1987 மார்ச்சில் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் அரியலூர் பக்கம் மருதையாற்றுப் பாலத்தில் குண்டுவெடித்துக் கவிழ்ந்த பிறகு, எங்கள் தெருக்காரர்கள் ரயிலில் சீட்டுக்கடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். யாரும் சொல்லித் தரவில்லை.

இப்போது குனிய வேண்டாம், கேமரா இருக்கிறது. 2016 ஜூனில் சென்னை நுங்கம்பாக்கம் ரயில்வே ஸ்டேஷனில் பட்டப்பகலில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது அங்கே ஒரு கேமராகூட இல்லை என்று நாடே கொதித்தது. நியாயமான கொதிப்புதான். அதன் பிறகு போகிற இடமெல்லாம் கண்காணிப்பு. அண்மையில் டவுன் பஸ்ஸில் ஒருவர் செல்போனைப் பறிகொடுத்துக் கத்தினார். கண்டக்டர் டிக்கெட் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "கேமராவுல பதிஞ்சிருக்கும் சார், ஸ்டேஷன்ல எழுதிக் குடுங்க" என்றார். வண்டி பாலம் ஏறிவிட்டது. எடுத்தவன் மாம்பழச் சாலையில் முகத்தை நன்றாகக் காட்டிவிட்டே இறங்கியிருப்பான்.

கண்டக்டருக்கு அதிகாரம் இல்லை என்று சொல்ல முடியாது. 2022-ல் தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தினார்கள். பெண்களை முறைத்துப் பார்ப்பவன், கண்ணடிப்பவன், விசிலடிப்பவன் யாராயிருந்தாலும் இறக்கிவிடலாம், வழியிலுள்ள ஸ்டேஷனில் ஒப்படைக்கலாம். ஒண்ணாம் நம்பர் கண்டக்டர்கள் விதி எதுவும் இல்லாமலே செய்துகொண்டிருந்த காரியம், செய்கிற பழக்கம் விட்டுப்போன பிறகு அரசிதழில் வந்திருக்கிறது. பஸ்ஸில் அதிகம் விசிலடிப்பவர் யார் என்று விதி எழுதியவர்கள் யோசித்தார்களா தெரியவில்லை.

என் அத்தை இவர்கள் யாரையும் நம்பியதில்லை. வளையலில் எப்போதும் நாலு ஊக்கு கோத்திருப்பாள். கூட்டத்தில் பின்னாலிருந்து திடீரென்று "ஆ!" என்று ஒரு ஆண்குரல் கேட்கும். அத்தை திரும்பிக்கூடப் பார்க்காமல் ஜன்னல் வழியே காவிரியில் எவ்வளவு தண்ணீர் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் பேத்தி போனில் போலீஸின் அவசர உதவிச் செயலி வைத்திருக்கிறாள். சார்ஜ்தான் பெரும்பாலும் இருப்பதில்லை.

வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் ரங்கா ரங்கா கோபுரத்துப் பக்கம் நின்றிருந்தேன். தலைக்கு மேல் ட்ரோன், கம்பத்துக்குக் கம்பம் கேமரா, கூட்டத்தில் மப்டி போலீஸ். மைக்கில் அறிவிப்பு வந்தது: "தாய்மார்கள் கழுத்துச் சங்கிலியைப் புடவையோடு சேர்த்து ஊக்குப் போட்டுக்கொள்ளவும்." பக்கத்துத் தரைக்கடையில் ஊக்கு பாக்கெட் பத்து ரூபாய். ஜிபே உண்டு.