பேசாம ஈமுக் கோழியே வாங்கிக்க, கண்ணு!

நிறுத்திப்போட்டயாமா? நல்ல காரியம் பண்ணினே கண்ணு. மார்க்கெட்டு எறங்குதுன்னு மியூச்சுவல் ஃபண்டுல மாசாமாசம் கட்டிக்கிட்டிருந்த எஸ்.ஐ.பி.யை நிறுத்தின சேதிய உங்கம்மா சொன்னா. என்ற பேரனுக்கு இத்தனை அறிவு எந்த வழில வந்துச்சுன்னு ராத்திரியெல்லாம் ரோசனை. விடியக்காலந்தான் புரிஞ்சுது, அது உங்கப்பா வழி.

என்ற மாப்பிள்ளை நெம்ப சூதானமான ஆளு. 2011-ல நான் மியூச்சுவல் ஃபண்டுன்னு வாயெடுத்தப்ப, "அது ஏறும் எறங்குமுங்க மாமா, நம்புளுக்கு எதுக்குங்க"ன்னுபோட்டு நேராப் பெருந்துறை ஈமுக் கம்பெனிக்குப் போனாருங்க. ஒன்றரை லட்சம் கட்டினா ஆறு ஈமுக் குஞ்சு. தீவனம் அவங்க, மருந்து அவங்க. வளத்தற கூலி மாசம் ஆறாயிரம், வருசத்துக்கொருக்கா போனஸ், ரெண்டு வருசங்கழிச்சுக் கட்டுன பணம் அப்படியே வாபஸ். டி.வி.ல சினிமாக்காரங்களே வந்து சொன்னாங்க. ஏறும் எறங்கும்கிற பேச்சே இல்ல, பத்திரத்துலயே எழுதிக் குடுத்தாங்க.

2012 ஆகஸ்டுல கம்பெனிக்காரனைக் காணம். தீவனமும் காணம். ஆள் ஒசரம் வளந்த கோழி, பசில வேலிக் கம்பியைக் கொத்திக்கிட்டு நின்னுது. கம்பெனிப் பண்ணைல கெடந்ததுகளுக்குக் கால்நடைத் துறைதான் தீவனம் போட்டுச்சு. நம்மூட்டுதுகளுக்கு உங்கம்மா கீரைத்தண்டு நறுக்கிப் போட்டா. ஒண்ணு வேலி தாண்டி ஓட, அதும் பொறத்தால உங்கப்பா வேட்டியத் தூக்கிக் கட்டிட்டு இட்டாரி முச்சூடும் ஓடினாரு பாரு, அப்படியொரு ஏத்த எறக்கத்த எந்த மார்க்கெட்டுலயும் நான் பாத்ததில்ல.

உங்க வம்சத்துக்கு ஒரு கொணம். எறங்கினாலும் எறங்கும்னு சொல்லி விக்கறவனைக் கண்டா காத தூரம் ஓடுவீங்க. எறங்கவே எறங்காதுங்கறவன் வந்தா திண்ணைல உக்காத்தி மோர் குடுப்பீங்க. ஃபண்டு வெளம்பரத்துக் கடைசில ஒருத்தன் மூச்சு விடாம, சந்தை அபாயத்துக்கு உட்பட்டதுன்னு ஓட்டுவானே, அந்த வெளம்பரத்துல முழுசா நம்பலாம்னா அவன் பேச்சத்தான் நம்பலாம். அப்படிச் சொல்லியாகணும்னு செபி கழுத்தைப் புடிச்சு வெச்சிருக்குது. மின்னொரு காலத்துல யூனிட் டிரஸ்டுல யூ.எஸ்.64-ன்னு ஒண்ணு இருந்துச்சு. உள்ள சரக்கு என்ன வெல போகுதுன்னு காட்டாம, யூனிட் வெலைய அவங்களே சொல்லுவாங்க. ஊரே கண்ண மூடிட்டுப் போட்டுச்சு. 2001 ஜூலைல கடையச் சாத்தினாங்க. இப்ப தெனமும் பொழுதோட சரக்கு வெலைய வெச்சுப் போட்ட யூனிட் கணக்கு, என்.ஏ.வி., வந்துருது. உனக்குக் கண்ணுல தெரியறதுதான் பயம். தெரியாம இருந்தா நிம்மதியா இருந்திருப்பே!

எறக்கம்னா உனக்கு வவுத்தக் கலக்கறதும் பரம்பரைக் கோளாறுதான். ஈரோட்டு மண்டில மஞ்சள் வித்த குடும்பமில்ல? 2010-ல குவிண்டால் 15 ஆயிரத்துக்கு மேல போனது, ரெண்டே வருசத்துல 5 ஆயிரத்துக்குக் கீழ வந்துருச்சு. நம்ம மூஞ்சில ஈயாடல. அன்னிக்கு வாங்க வந்த யாவாரி மூஞ்சியப் பாத்திருக்கோணும் நீ. துண்டுக்குள்ள கைய விட்டுட்டு மாப்பிள்ளை மாதிரி சிரிச்சுக்கிட்டு நின்னான். அதே மண்டி, அதே வெல. எஸ்.ஐ.பி. கட்டறவன் அந்தப் பக்கம் நிக்கற ஆளு கண்ணு. இன்னும் இருவது வருசத்துக்கு நீ வாங்கறவன். விக்கறவனோட அழுகைய நீ எதுக்கு அழுகறே?

கணக்கு வேணுமா, போன எடுத்துத் தட்டு. மாசம் 3,000 ரூவா. மொத மாசம் யூனிட் 50 ரூவா, 60 கெடைக்கும். அடுத்த மாசம் 40, அப்ப 75. மூணாம் மாசம் 25-க்கு உழுகுது, ஊரே ஒப்பாரி, உனக்கு 120. நாலாம் மாசம் 40-க்கு வந்தா இன்னொரு 75. போட்டது 12 ஆயிரம், கைல 330 யூனிட். 50-ல ஆரம்பிச்சது இன்னம் 40-லதான் நிக்குது, உன்ற பணமோ 13,200 ஆயிருச்சு. மூணாம் மாசமே ஓடிப்போயிருந்தீன்னா மொத ரெண்டு மாசத்து 135 யூனிட்டுதான் இருக்கும். ஆறாயிரம் 5,400 ஆயிருக்கும். அப்பறம் அப்புச்சி சொல்லித்தான் போட்டேன், நட்டம்னு ஊரெல்லாம் சொல்லுவே.

2020-லயும் இதத்தான பண்ணினே? மார்ச் 23 அன்னிக்கு சென்செக்ஸ் ஒரே நாள்ல 3,900 புள்ளிக்கு மேல உழுந்து 26 ஆயிரத்துக்கு வந்துச்சு. நீ நிறுத்தினே. மக்கா வருசம் 50 ஆயிரத்தத் தாண்டினதும், "இப்ப நல்லாருக்குது அப்புச்சி"ன்னு மறுக்கா ஆரம்பிச்சே. பாதி வெலைக்கு வேண்டாம்னு போயி முழு வெலைக்கு வாங்கியாற தைரியம் எனக்கெல்லாம் வராது சாமி.

ஆனா ஒண்ணு. உழுந்தது எந்திரிக்க எத்தனை நாளாகும்னு ஆருக்கும் தெரியாது. மூணு வருசத்துல வேணுங்கற காசை, உன்ற தங்கச்சி கல்யாணத்துக்குன்னு ஒதுக்கினதை, பங்கு ஃபண்டுல போட்டயோ, தொலைச்சே போடுவேன். அதுக்கு பேங்கு டெபாசிட்டு போதும். எஸ்.ஐ.பி. அவசரமில்லாத காசுக்கு.

மறுக்கா எப்ப ஆரம்பிக்கறதுங்கறயா? எதுக்கு அவசரம்? பொண்ணு அமையட்டும், கொழந்தை பொறந்து மொட்டையடிச்சுக் காது குத்தட்டும், கெடாவெட்டு முடியட்டும், ஒரு பத்து வருசம் போகட்டும். மாசம் 5,000 வீதம் 20 வருசம் கட்டி, வருசத்துக்கு 12 சதம் வந்துச்சுன்னா கிட்டத்தட்ட 50 லட்சம். வரும்னு எழுதிக் குடுக்க ஆளில்ல, நம்மூர்க் கணக்குல அது வெறும் ஒரு ரூவா வட்டி. உங்காளுங்க மூக்கச் சுளிப்பீங்க, மூணு வட்டிக்காரங்கிட்ட அசலையே குடுத்துட்டு வருவீங்க. அதையே பத்து வருசந் தள்ளிப் போட்டு மிச்சப் பத்து வருசம் மட்டும் கட்டினா 11 லட்சத்துச் சொச்சம். கட்டாம மிச்சம் புடிச்சது 6 லட்சம், கைவிட்டுப் போனது 38. இந்தச் சிக்கனம் எங்க பக்கம் ஆருக்குமே கெடையாது.

காசில்லைங்காதே. போனுக்கு இ.எம்.ஐ. ஒரு மாசம் தவறுனதில்ல நீ. அதுக்குன்னா நாலு பேர் கூப்பிட்டுக் கேப்பான், எஸ்.ஐ.பி.க்கு ஆரும் கூப்பிட மாட்டான், அதான வெசயம்? வேணும்னா மாசம் அஞ்சாந்தேதி நான் கூப்பிட்டுத் திட்டறேன். போடறதுன்னா ரெகுலர், டைரக்ட்னு ரெண்டு இருக்கும், பாத்துப் போடு. ரெகுலர்ல நடுவுல இருக்கறவன் கமிசன் வருசாவருசம் உன்ற காசுலதான் போகும். உன்னை நிறுத்த விடாம ஒருத்தன் புடிச்சு வெப்பான்னா அந்தக் கமிசன் தகும். சும்மா காலண்டர் மட்டும் குடுக்கறவனுக்கு எதுக்கு?

உன்ற தங்கச்சியும்தான் டீச்சர் சம்பளத்துல 2,000 கட்டறா. மார்க்கெட்டு எங்க இருக்குன்னு கேட்டா, உழவர் சந்தைக்குப் பக்கத்துலயாங்கறா. ஒரு மாசம் நிறுத்தினதில்ல.

அது கெடக்குது, இந்தக் காயிதத்தப் பாரு. தோப்புக் குத்தகைக் காசுல நான் கட்டறது ஒண்ணு இருக்குதில்ல, அதுக்கு நாமினி பேரு கேட்டிருக்கறாங்க. எழுதிட்டேன். இங்கிலீசுல எழுத்து சரியான்னு மட்டும் பாத்துச் சொல்லு. உன்ற தங்கச்சி பேருக்கு ஒரு எச் எச்சா வருமாமா?