மூக்கால் குடிப்பவர்கள்

சாதாரண விஸ்கி குடிப்பவரைக் குடிகாரர் என்கிறோம். சிங்கிள் மால்ட் குடிப்பவரை அப்படிச் சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவார். அவர் ரசிகர். குடிப்பதில்லை, 'டேஸ்ட்' பண்ணுகிறார். அடி பெருத்து வாய் சிறுத்த க்ளென்கெய்ர்ன் கிளாஸில் 30 மில்லி ஊற்றி, மூக்கை உள்ளே நுழைத்து, கண்ணை மூடி அப்படியே நிற்பார். சாமி வந்துவிட்டதோ என்று பக்கத்திலிருப்பவர் விபூதி தேடும் நேரத்தில் கண்ணைத் திறந்து, "பேரிக்காய்" என்பார்.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மைத்துனன் இந்த ரகம். அவன் வீட்டில் பூஜை அலமாரிக்கு எதிரே இன்னோர் அலமாரி. பூட்டு இரண்டாவதற்குத்தான். "ஒரே வடிசாலை, முளைகட்டின பார்லி தவிர வேற தானியம் கிடையாது, ஓக் பீப்பாய்ல மூணு வருஷமாவது இருக்கணும் மாமா" என்று ஸ்காட்லாந்துச் சட்டத்தை மூச்சு விடாமல் ஒப்பிப்பான். 12 வருஷப் பாட்டிலுக்கு மரியாதை, 18-க்கு பக்தி. நிறத்தைப் பார்த்தே வயசு சொல்வேன் என்பான். நிறத்துக்காகக் கேரமல் சேர்த்துக்கொள்ள அதே சட்டம் இடம் கொடுக்கிறதே என்றால் மட்டும் காது கேட்காது.

அவன் ருசி பார்ப்பதே கண்ணால்தான் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். போன கிறிஸ்துமஸ் லீவில் சோதித்துவிடுவதென்று நாலு பாட்டிலைத் தேர்ந்தெடுத்தேன்: மக்காலன் 12, லாஃப்ரோய்க் 10, லாகவூலின் 16, அம்ருத் ஃப்யூஷன். நிறம் பார்த்து ஏமாறாமலிருக்க ஸ்காட்லாந்தில் நீலக் கண்ணாடி கிளாஸ் வைத்திருக்கிறார்கள். எங்களிடம் எவர்சில்வர் டம்ளர் இருந்தது.

அந்த நேரம் பார்த்து, "என்னடா நாத்தம்?" என்று உள்ளே வந்தார் என் மாமியார்.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நைவேத்தியத்துக்குச் சமைக்கும்போது வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. உப்பு, புளி, உறைப்பு எல்லாமே கொதிக்கிற வாசனையில் தெரிய வேண்டும். அந்தப் பயிற்சியில் வளர்ந்த மூக்கு அது. விஸ்கித் தொழிலிலும் இதே கதைதான். பீப்பாய்களைச் சோதிக்கும் நிபுணர்கள் தண்ணீர் கலந்து பெரும்பாலும் முகர்ந்துதான் பார்க்கிறார்கள். நாளெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்தால் வேலை எப்படி நடக்கும்? ரிச்சர்ட் பேட்டர்சன் என்ற ஸ்காட்லாந்து நிபுணரின் பட்டப்பெயரே 'மூக்கு'.

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, முதல் டம்ளரை ஒரு முழ தூரத்தில் வைத்து முகர்ந்தார். "உலர்ந்த திராட்சை. ஏதோ பழைய மரம்." மக்காலன். ஸ்பெயினின் ஷெர்ரி ஒயின் ஊறிய பீப்பாயில் வளர்ந்தது.

இரண்டாவது டம்ளரைத் தள்ளியே விட்டார். "ஆஸ்பத்திரி! டிஞ்சர் போட்டுக் கட்டுக் கட்டின மாதிரி." லாஃப்ரோய்க்கேதான். ஐலா தீவில் பார்லியை உலர்த்த பீட் என்னும் கரிமண்ணை மூட்டிப் புகை காட்டுகிறார்கள். அந்தப் புகையின் பீனால்தான் மருந்து வாடைக்குக் காரணம். மதுவிலக்குக் காலத்து அமெரிக்காவுக்குள் இது மருந்து என்ற பெயரில் போனதாக ஒரு கதை உண்டு. முகர்ந்து பார்த்த சுங்க அதிகாரி நம்பியிருப்பார்.

மூன்றாவது, லாகவூலின். கொஞ்சம் யோசித்தார். "இதுவும் அதே ஊர்க்காரன்தான். ஆனா நாலெழுத்துப் படிச்சவன்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. லாஃப்ரோய்க்கும் லாகவூலினும் ஐலாவின் தென்கரையில் ஒரே சாலையில் அடுத்தடுத்து இருக்கும் வடிசாலைகள்.

நான்காவதை மைத்துனன் பிடுங்கிக்கொண்டான். தாயிடம் தோற்கலாமா? கண்ணை மூடினான், டம்ளரைச் சுழற்றினான், ஒரு வாய் உறிஞ்சி நாக்கில் உருட்டினான். "ஸ்காட்லாந்துதான் மாமா, சந்தேகமே இல்ல. 16 வருஷத்துக்குக் குறையாது."

அம்ருத் ஃப்யூஷன். அவன் வீட்டிலிருந்து மைசூர் ரோடு பிடித்துப் போனால் வடிசாலையே வந்துவிடும்! வயசு போடாத பாட்டில் வேறு. பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போவதை 'தேவதைகளின் பங்கு' என்பார்கள். ஸ்காட்லாந்தில் அது வருஷத்துக்குச் சுமார் 2 சதவீதம். பெங்களூர் வெயிலில் 10-ஐத் தாண்டும். நம் ஊர் தேவதைகள் மொடாக்குடி. 16 வருஷம் வைத்தால் பீப்பாயைத்தான் விற்க வேண்டும். ஆனால் அதே வெயில் விஸ்கியைச் சீக்கிரம் முதிர வைத்தும் விடுகிறது.

இதில் மைத்துனனை மட்டும் கேலி செய்து பயனில்லை. 2004-ல் அம்ருத் தன் சிங்கிள் மால்ட்டை முதலில் விற்கப் போனது கிளாஸ்கோவுக்கு. கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலைதான், ஊசி விற்றது. 'விஸ்கி பைபிள்' என்ற கையேட்டின் 2010 பதிப்பில் விஸ்கி விமர்சகர் ஜிம் மரே, ஃப்யூஷனை உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்று எழுதினார். அவனவன் அப்புறம்தான் உள்ளூர்க் கடையில் அதைத் தேட ஆரம்பித்தான்.

என் தீர்ப்பைக் கேட்டால், கையில் காசு தாராளமாக இருந்தால் லாகவூலின், இல்லையென்றால் ஃப்யூஷன். லாஃப்ரோய்க்கில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள், விஸ்கியையே வெறுத்துவிடுவீர்கள். எதை வாங்கினாலும் லேபிளைச் செய்தித்தாளால் மூடிவிட்டு, வீட்டில் நன்றாகச் சமைப்பவர் யாரோ அவரிடம் முதலில் முகரக் கொடுங்கள். அவர் சொல்வதை மறுபேச்சில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள்.