'பாஸ் ஓவர், ஐயா': திண்டுக்கல் சமவெளியில் ஜூனியர் வழக்கறிஞர் நிற்றல் பற்றிய ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

வணிக வழக்குகள் வாதத்தால் நடக்கின்றன என்பது பொதுமக்களின் நம்பிக்கை. அவை நிற்பதால் நடக்கின்றன என்று நிறுவ இக்கட்டுரை முற்படுகிறது. நிற்பவர் ஜூனியர். நிற்கும் இடம் இரண்டாம் வரிசை. அங்கே அவர் உச்சரிப்பது 'பாஸ் ஓவர், ஐயா' என்ற மூன்று சொற்கள். அதாவது: கேஸ் கட்டை இப்போது ஒதுக்கி வையுங்கள், கொஞ்சம் கழித்துக் கூப்பிடுங்கள்.

1. ஆய்வுக்களம்

பெருநகரத்தில் 'லா ஃபர்ம்' என்றால் கண்ணாடிக் கட்டடம், லிஃப்ட், காபி இயந்திரம். திண்டுக்கல்லில் அது சீனியர் வீட்டின் முன்னறை, ஒரு குமாஸ்தா, ஓர் ஏணி, ஏணி எட்டாத உயரத்தில் கேஸ் கட்டுகள். எனினும் இங்கு வணிகத்துக்குக் குறைவில்லை. வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைகள், ஊருக்குள் தோல் பதனிடும் ஆலைகள், ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் மண்டிகள். சரக்கு கடனுக்குப் போகும், செக் வரும், செக் திரும்பும். திரும்பியது தெரிந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், பணம் கட்ட 15 நாள், அதன்பின் ஒரு மாதத்துக்குள் புகார் என்று மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு வகுத்த பாதையில் அது கோர்ட்டுக்கு வந்து சேரும்.

2015ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டம் ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாத தகராறுகளையே கண்ணெடுத்துப் பார்த்தது. 2018இல் அந்த வரம்பு மூன்று லட்சமாக இறங்கியது. ஒரு லோடு நூலுக்கு வராத பாக்கியே இப்போது அந்தத் தகுதியைப் பெறலாம். ஜூனியரின் விசிட்டிங் கார்டில் 'கமர்ஷியல் லிட்டிகேஷன்' என்ற வரி சேர்ந்தது இவ்வழியில்தான் என்று கருத இடமுண்டு.

2. நிற்றலின் சட்ட அடிப்படை

வாதி தரப்பில் யாரும் இல்லையென்றால் வழக்கு தள்ளுபடி. பிரதிவாதி தரப்பில் யாரும் இல்லையென்றால் எக்ஸ்பார்ட்டி, அதாவது அவர் இல்லாமலே விசாரணை. டிக்ரி ஆகிவிட்டால் அதை ரத்து செய்ய 30 நாளுக்குள் மனு, மனுவுக்குப் பிரமாணப் பத்திரம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கட்சிக்காரருக்கு விளக்கம். ஆகவே யாராவது நின்றாக வேண்டும்.

வாய்தா கேட்கலாமே என்பார்கள் அறியாதோர். உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908இன் 17ஆம் கட்டளை, விசாரணையின்போது ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் வாய்தா கூடாது என்கிறது. வழக்கறிஞர் வேறு கோர்ட்டில் இருக்கிறார் என்பது வாய்தாவுக்குக் காரணமே ஆகாது என்றும் வெளிப்படையாகச் சொல்கிறது. சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் மூன்று முறை வரம்பைச் சற்றுத் தளர்த்தியது உண்மை. ஆனால் அதற்குக் காட்டிய உதாரணங்கள் போபால் விஷவாயு, குஜராத் பூகம்பம், சுனாமி. வத்தலக்குண்டு ரோட்டில் சீனியரின் கார் பஞ்சர் ஆவது இப்பட்டியலில் எத்தனையாவது இடம் என்று தீர்ப்பில் இல்லை.

இங்குதான் ஜூனியரின் மேதைமை வெளிப்படுகிறது. அவர் வாய்தா கேட்பதில்லை. அதே நாளில் சற்றுத் தாமதம் மட்டுமே கேட்கிறார். 'பாஸ் ஓவர்' என்றொரு விதி அந்தச் சட்டத்தின் 158 பிரிவுகளிலும் இல்லை, 51 கட்டளைகளிலும் இல்லை. இல்லாத ஒன்றைத் தடைசெய்ய எந்த விதியாலும் முடியாது. அந்த இடைவெளியில் ஒருவர் நிற்கும் அளவுக்கு இடம் இருக்கிறது.

3. சீனியரின் தூரம்

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 24.7.2004 அன்று தொடங்கியது. நீதி வரலாற்றில் இது மைல்கல். ஜூனியர் வரலாற்றில் பேரிடி. அதற்கு முன் 'சீனியர் ஹைகோர்ட் போயிருக்கார்' என்றால் சென்னை. இரவு ரயில், மறுநாள் விசாரணை, அடுத்த நாள் திரும்புகை. காரணம் மூன்று நாள் தாங்கியது. மதுரையோ சுமார் 65 கிலோமீட்டர், நான்குவழிச் சாலை. அதே காரணம் இப்போது மதியச் சாப்பாடு வரைகூடத் தாங்குவதில்லை. 2020க்குப் பிறகு காணொலி விசாரணையும் பரவியதால், சீனியர் எங்கும் இல்லாமல் இருப்பது மேலும் கடினமாகிவிட்டது.

4. உடை

உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள் தவிர மற்ற கோர்ட்டுகளில் கோடைகாலத்தில் கறுப்புக் கோட்டு கட்டாயமில்லை என்று பார் கவுன்சில் விதி விலக்கு தருகிறது. சிறுமலைக்கும் பழனி மலைக்கும் நடுவே சித்திரை வெயில் காயும் ஊருக்கென்றே எழுதிய விதிபோல் தோன்றும். ஆயினும் காமராஜர் பேருந்து நிலையத்தில் நத்தம், நிலக்கோட்டை, பழனி கோர்ட்டுகளுக்கு பஸ் ஏறும் ஜூனியர்கள் கோட்டை விடுவதில்லை. கோட்டு இல்லாத ஜூனியரைக் கட்சிக்காரர் குமாஸ்தாவாகவும், குமாஸ்தா கட்சிக்காரராகவும் கருதிவிடும் அபாயமே காரணம்.

5. பொருளாதாரம்

2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஜூனியர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையை வரையறுத்தது. சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய். மற்ற ஊர்களில் 15,000. வித்தியாசம் 5,000 ரூபாய். திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குத் தூரம் 65 கிலோமீட்டர். எனவே தெற்கே நகரும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஜூனியரின் மதிப்பு சுமார் 77 ரூபாய் உயர்கிறது. கொடைரோடு தாண்டும்போது இரண்டாயிரம் ஏறியிருக்க வேண்டும். ஏறியதா என்று ஜூனியர்களிடம் விசாரித்ததில், முதலில் அந்தப் பதினைந்து வரட்டும் என்ற பதிலே கிடைத்தது.

6. முக்கியக் கண்டுபிடிப்பு

நிற்றல் எப்போதும் பலிப்பதில்லை. அரிதாகக் கீழ்க்காணும் நிகழ்வு பதிவாகிறது.

"சீனியர் எங்கே?"

"மதுரை பெஞ்ச்ல இருக்காருங்கய்யா. பாஸ் ஓவர், ஐயா."

"கட்டு உங்க கையிலதானே இருக்கு? சாட்சி காலையிலேருந்து நிக்கிறார். நீங்களே கிராஸ் பண்ணுங்க."

கூண்டில் இருப்பவர் முப்பது வருடமாகக் கடன் வாங்கியும் கொடுத்தும் பழுத்த மண்டிக்காரர். ஜூனியரின் முதல் கேள்வி அவர் பெயர் என்ன என்பது. அது ஏற்கெனவே பதிவாகிவிட்டது. இரண்டாவது கேள்வியில் குரல் வருகிறது. ஐந்தாவதில், டெலிவரி சலானில் இருக்கும் கையெழுத்து யாருடையது என்று கேட்கிறார். மண்டிக்காரர் முதன்முறையாகத் தண்ணீர் கேட்கிறார்.

ஊரில் பேர்பெற்ற எந்த சீனியரை விசாரித்தாலும் அவருடைய முதல் குறுக்கு விசாரணை இப்படித்தான் வாய்த்ததாகச் சொல்கிறார். சட்டக் கல்லூரியும் அகில இந்தியப் பார் தேர்வும் வழக்கறிஞர்களைத் தருகின்றன; சீனியர்களைத் தருவது மறுக்கப்பட்ட பாஸ் ஓவர்.

7. பரிந்துரைகள்

நீதிபதிகள் அவ்வப்போது மறுக்க வேண்டும். சீனியர்கள் அவ்வப்போது உண்மையிலேயே தாமதமாக வர வேண்டும். ஜூனியர்கள் வேடசந்தூர் பஸ்ஸில் சீட் கிடைத்தால் தூங்காமல் கட்டைப் பிரித்துப் படிக்க வேண்டும். மூன்றாவது பரிந்துரையை நடைமுறைப்படுத்த, முதலில் சீட் கிடைக்க வேண்டும். அது போக்குவரத்துத் துறையின் வரம்புக்குள் வருவதால் இவ்வாய்வு இத்துடன் பாஸ் ஓவர் கோருகிறது.