பொன்னியின் செல்வனுக்கு முன்னால் என்ன படிக்கலாம்?

கேள்வி: பேரனுக்கு ஒன்பது வயது. லீவுக்கு வருகிறான். பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் வாங்கி வைத்துவிட்டேன். சரிதானே? (ஒரு தாத்தா, தென்காசி)

பதில்: சரிதான், உங்களுக்கு! இன்னொரு முறை நிம்மதியாகப் படித்துவிடுங்கள். 1950 முதல் 1954 வரை வாரா வாரம் 'கல்கி'க்குக் காத்திருந்து, அத்தியாயம் அத்தியாயமாக அக்கால வாசகர்கள் முடித்த கதை அது. பாவம், ஒன்பது வயசுப் பையன் ஒரு மே மாதத்தில் எப்படி முடிப்பான்? அவனுக்கு ஜெயமோகனின் 'பனிமனிதன்' வாங்கிக் கொடுங்கள். இமயமலையில் பனிமனிதனைத் தேடிப் போகிற சாகசக் கதை. 'சிறுவர் மணி'யில் தொடராக வந்தது. வந்தியத்தேவன் எங்கேயும் ஓடிவிட மாட்டான். குதிரை வைத்திருந்தாலும்.

கேள்வி: என் மகள் காமிக்ஸை விட்டு வெளியே வரமாட்டேன் என்கிறாள். நல்ல புத்தகங்களின் பக்கம் எப்படித் திருப்புவது? (ஒரு அம்மா, ஈரோடு)

பதில்: திருப்ப வேண்டாம். 1972இல் இரும்புக்கை மாயாவியோடுதான் முத்து காமிக்ஸ் தொடங்கியது. மாயாவிக்கு மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும். காமிக்ஸ் படிக்கிற பிள்ளைகளும் அந்த ஜாதிதான். கூப்பிட்டால் ஆளைக் காணோம், கை மட்டும் மிக்சர் கிண்ணத்துக்குள் போய்ப் போய் வரும். அன்று பாடப் புத்தகத்துக்குள் மறைத்துப் படித்தவர்கள், இன்று நரைத்த தலையோடு புத்தகக் கண்காட்சியில் காமிக்ஸ் வாங்க நிற்கிறார்கள். யாரும் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை.

கேள்வி: பெரியவங்க சிபாரிசு பண்ற கதையில எல்லாம் கடைசியில அறிவுரை வருது. அது இல்லாத கதை இருக்கா? எனக்கு வயசு பதினைந்து. (ஒரு மாணவர், மதுரை)

பதில்: இருக்கிறது தம்பி. பூமணியின் 'வெக்கை', 1982இல் வந்த நாவல். நாயகன் சிதம்பரத்துக்கும் உன் வயசுதான். அண்ணனைக் கொன்ற நிலக்காரனை அவன் வெட்டிவிட்டு ஓடுவதில் கதை தொடங்குகிறது. முன்னுரை, வணக்கம், வர்ணனை ஒன்றும் கிடையாது. அப்பா அவனைக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போகிறார். எங்கே படுப்பது, எதைத் தின்பது, போலீஸ் கண்ணில் படாமல் எந்தப் பக்கம் போவது என்று கரிசல் காடு முழுக்க நீயும் அவர்களோடு அலைவாய். '2019இல் அசுரன் பார்த்தாச்சே' என்று தப்பிக்க நினைக்காதே. படத்தில் அப்பாதான் கதாநாயகன், தனுஷ் நடித்தால் வேறென்ன செய்வது? நாவல் பையனுடையது. அவன் செய்தது சரியா தப்பா என்று பூமணி உனக்குச் சொல்லித் தரமாட்டார். படித்துவிட்டு நீயே மண்டையை உடைத்துக்கொள்.

அடுத்து, அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு'. செகந்தராபாத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டு திரிகிற பையனின் தலையில் நிஜாம் ராஜ்ஜியத்தின் கடைசி நாட்கள் வந்து விழுகின்றன. சத்தமே போடாமல் எழுதியிருக்கிறார். கடைசிப் பக்கங்கள் தூங்கவிடாது. ஒரே மூச்சில் முடிய வேண்டும் என்றால் இரா. நடராசனின் 'ஆயிஷா'. வகுப்பில் கேள்வி கேட்டு அடிவாங்கும் மாணவியின் கதை. படித்துவிட்டு உங்கள் வாத்தியார் மேஜையிலும் ஒரு பிரதி வைத்துவிடு. உன் பெயரை மட்டும் எழுதிவிடாதே.

கேள்வி: பேய்க்கதை வேண்டும். ஆனால் எனக்குப் பேய் நம்பிக்கை கிடையாது. (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்'. நடப்பதெல்லாம் ஆவியின் வேலையா, விஞ்ஞானத்தின் வேலையா என்று கணேஷும் வசந்தும் ஆளுக்கொரு கட்சி. பகலில் நீங்கள் கணேஷ் கட்சியில் இருப்பீர்கள். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் என்ன கட்சி என்று அடுத்த கடிதத்தில் எழுதவும்.

கேள்வி: என் கணவர் ராத்திரி பூரா ஓடிடியில் கொலைத் தொடர் பார்க்கிறார், புத்தகத்தைத் தொடுவதே இல்லை. (ஒரு வாசகி, பெங்களூரு)

பதில்: தேவனின் 'துப்பறியும் சாம்பு'வைத் தலையணைப் பக்கம் வைத்துவிடுங்கள். சாம்பு சரியான அசடு. குற்றவாளிகள்தான் தேடி வந்து அவன் கையில் மாட்டிக்கொள்கிறார்கள். தனித்தனிக் கதைகள், ஒன்று முடிந்ததும் விளக்கை அணைக்கலாம். அணைப்பாரா என்பதற்கு நான் பொறுப்பில்லை.

கேள்வி: நாற்பது வயதில் முதல் காதல் நாவல் படிக்க ஆசை. 'மோகமுள்' தொடங்கலாமா? (ஒரு வாசகர், சேலம்)

பதில்: தாராளமாக. வீட்டில் கேட்டால் கும்பகோணத்து சங்கீத நாவல் என்று சொல்லிக்கொள்ளலாம். பொய்யும் இல்லை.

கேள்வி: தமிழில் உலகப்போர் நாவல் உண்டா? (ஒரு வாசகர், சிங்கப்பூர்)

பதில்: உங்கள் பக்கத்து ஊர்க் கதையே இருக்கிறதே! ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. மெடான், பினாங்கு, ஜப்பானியர் ஆட்சி, இந்திய தேசிய ராணுவம், நடுவில் செட்டியார் கடைப் பையன்களின் மதுரை நினைப்பு. சிங்காரம் இளவயதில் மெடானில் வேலை பார்த்தவர். மொத்தம் எழுதியதே இரண்டு நாவல்கள்தான். தொடர்கதை வேகத்தை எதிர்பார்த்தால் முதல் ஐம்பது பக்கம் முரண்டு பிடிக்கும். பிடித்துக்கொண்டே இருங்கள். போர் பற்றித் தமிழில் இதற்கு நிகராக நான் எதையும் படித்ததில்லை.

கேள்வி: நண்பரிடம் 'கடல் புறா' மூன்று பாகங்களையும் இரவல் கொடுத்தேன். இரண்டாம் பாகம் மட்டும் திரும்பி வரவில்லை. (ஒரு வாசகர், காரைக்குடி)

பதில்: மற்ற இரண்டையும் அவருக்கே கொடுத்துவிடுங்கள், செட்டைப் பிரிப்பது பாவம். அப்படியே அவர் அலமாரியிலிருந்து ஏதாவது இரவல் வாங்கி வாருங்கள். திருப்பித் தர அவசரம் ஒன்றுமில்லை.