பிழைப்பதிவேட்டு மறுமொழி விசாரம்

கணிப்பொறிப் பிழைகளைக் களையும் உபாயங்களைக் குறித்து எழுந்துள்ள சாஸ்திரங்கள் பல. பிழையைக் கண்டு அறிவித்தவனுக்கு எங்ஙனம் பதில் எழுதுவது என்பதைக் குறித்து எழுந்தவையோ மிகச் சில. பக் டிராக்கர் எனப்படும் பிழைப்பதிவேட்டைத் தம் அலுவலகத்தில் நிறுவி, மின்னஞ்சலுக்குத் தானே மறுமொழி கூறும் சக்தியையும் அதற்கு அருளிவிட்டு, வெள்ளிக்கிழமை மாலை நிம்மதியாக வீடு திரும்பும் ஆஸ்லோ நகரத்து எஞ்சினீயர், தாம் இலக்கணக் கடல் ஒன்றில் கால் நனைத்துவிட்டதை அறியார். அவர் பொருட்டே இவ்விசாரம்.

ஆராய்ச்சிக்களமாக ஆஸ்லோவைக் கொண்டது யதேச்சையாக அன்று. அந்நகருக்கு அணித்தேயுள்ள ஷெல்லரில், பூகம்பங்களையும் அணுகுண்டுச் சோதனைகளையும் செவிமடுப்பதற்கென்று அமைந்த நோர்சார் நிலையம், 1973இல், இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வலையில் இணைந்தது. அமெரிக்காவுக்கு வெளியே அவ்வலை முதன்முதலாக எட்டிய இடம் அதுவே. பிற்காலத்தில், ஆஸ்லோவினரான லார்ஸ் மாக்னே இங்கெப்ரிக்ட்சன், ஈமாக்ஸ் என்னும் உரைத்தொகுப்பியின் பராமரிப்பாளர்களுள் ஒருவராயிருந்து ஆயிரக்கணக்கான பக்குகளைக் கையாண்டதும் மடல் வழியே இயங்கும் டெப்பக்ஸ் என்னும் பதிவேட்டில்தான். 1994இல் இயன் ஜாக்சன் தோற்றுவித்த அப்பதிவேட்டில் ஒவ்வொரு பக்குக்கும் தனித்தனி விலாசம் உண்டு. பக்கின் எண்ணுக்கு மடல் விடுத்தால் அது அந்த வழக்கில் சேரும். எண்ணின் பின்னே ‘டன்’ என்று ஒட்டி விடுத்தால் வழக்கே முடிந்தது. இத்துணைச் சிக்கனமான நீதிமன்றம் வேறு யாண்டும் இல்லை.

இனி, விடைகளின் இலக்கணம். நன்னூலாராகிய பவணந்தி முனிவர் விடையை எட்டு வகையாகப் பகுத்தார். அம்முனிவர் பக் டிராக்கரைக் கண்டவரல்லரே என்று ஆக்ஷேபிப்போர் உளர். கண்டிருப்பினும் ஒரு வகையையும் மாற்ற நேர்ந்திராது என்பதே எமது சித்தாந்தம். ‘சரிசெய்தாயிற்று’ என்பது நேர்விடை; ‘திருத்தும் உத்தேசமில்லை’ என்பது மறைவிடை. ‘இது முன்னரே 4312இல் உள்ளது, அங்கே காண்க’ என்பது சுட்டுவிடை. ‘எந்தப் பதிப்பில் நேர்ந்தது?’ என்று திருப்பிக் கேட்பது வினா எதிர்வினாதல். ‘அச்சடிக்க வரவில்லையே’ என்று முறையிட்டவனிடம் ‘பிடிஎஃப் ஆகச் சேமிக்க வருமே’ என்பது இனமொழிவிடை. ஆயினும் இத்துறையில் மிகுதியாகப் பயில்வது ஏவல்விடையே: ‘திருத்தத்தைத் தாங்களே எழுதி அனுப்பினால் மனமுவந்து ஏற்போம்’ என்னும் மடலைப் பெற்றவர், ‘நீயே செய்’ என்பதை இதனினும் மரியாதையாக எவரும் சொன்னதில்லை என்பதை ஒப்புவர்.

எஞ்சிய உற்றதுரைத்தல், உறுவது கூறல் என்னும் இரண்டிற்கும் ஜூலை மாதமே காலம். நார்வேயின் 1988ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டம் உழைப்பாளிக்கு, சனிக்கிழமையையும் கணக்கிற்சேர்த்து, 25 வேலைநாள் விடுப்பு அளிக்கிறது. ஜூன் முதல் செப்டம்பருக்குள் மூன்று வாரங்களைத் தொடர்ச்சியாகக் கேட்டுப் பெறும் உரிமையும் உண்டு. ஜூலைப் பிற்பாதியிலோ ‘ஃபெல்லெஸ்ஃபெரி’ என்னும் பொதுவிடுமுறை வழக்கம் கோலோச்ச, ஊரே மலைக்குடிலுக்கும் கடற்கரைக்கும் போய்விடுகிறது. ‘விடுப்பில் இருக்கிறேன்’ (உற்றதுரைத்தல்), ‘ஆகஸ்டில் பார்ப்பேன்’ (உறுவது கூறல்) என்று மடற்பெட்டிகள் மட்டும் விழித்திருந்து உரைக்கின்றன.

விபரீதம் இங்கேதான் விளைகிறது. பதிவேடு, ‘தங்கள் மடல் கிடைத்தது’ என்று ஒப்புகை விடுக்கிறது. விடுப்பிலுள்ளவரின் பெட்டி, ‘ஆகஸ்டில் பார்ப்பேன்’ என்கிறது. பதிவேடு அதனைப் புதுக் குறிப்பாகப் பதிந்து, ‘தங்கள் குறிப்பு கிடைத்தது’ என்று மீண்டும் நன்றி கூறுகிறது. வாசற்படியில் நின்று ஒருவரையொருவர் வழியனுப்பிக்கொண்டே இருக்கும் சம்பந்திகளைப்போல் இவ்விரு யந்திரங்களும் பொழுதெல்லாம் உபசரித்துக்கொள்ளும். இதற்குப் பரிகாரம் 2004இல் வெளியான ஆர்எஃப்சி 3834 என்னும் இணைய நெறி ஆவணத்தில் கூறப்பட்டுள்ளது: தானே எழுந்த மடல் தன் தலைப்பில் ‘ஆட்டோ சப்மிட்டட்’ என்னும் முத்திரையைத் தாங்க வேண்டும், அம்முத்திரையைக் கண்ட யந்திரம் வாய் திறத்தலாகாது, திரும்பும் விலாசமும் வெறுமையாய் இருத்தல் நலம். ஒருவருக்கு ஒருமுறை பதில் விடுத்தபின் சில நாள் மௌனம் காக்கும் பெட்டிகள் உள்ளனவே என்று அமைதி கொள்ளற்க. பக்குக்கொரு விலாசம் கொண்ட பதிவேட்டில், நாற்பது பக்குகளும் அப்பெட்டிக்கு நாற்பது அந்நியர்.

பொருள்வரி விஷயமும் சிறிதன்று. ‘ஆர்ஈ’ என்னும் முன்னொட்டை நீக்கிப் பக்கின் எண்ணைத் தேடப் பழகிய பதிவேடு, நார்வேஜிய அவுட்லுக் அதற்கு ஈடாக இடும் ‘எஸ்வி’யை அறியாதாயின், ‘எஸ்வி ஆர்ஈ எஸ்வி’ என்று வால் வளர்ந்த மடலைப் புதிய பக்காகவே பாவித்துப் புதிய எண்ணும் வழங்கிவிடும். எழுதியவர் தம் பழைய வழக்கைத் தேடி அலைவார்.

இத்தொல்லைகளுக்கு அஞ்சி, ‘நோ ரிப்ளை’ விலாசத்திலிருந்து கடிதம் விடுப்போரும் உளர். தான் வினாவிவிட்டு விடையை ஏலாதவனைப் பற்றி நன்னூலார் ஏதும் விதிக்கவில்லை. அவர் காலத்தில் அத்தகையோர் இல்லைபோலும். இம்முறையை யாம் ஆதரிப்பதற்கில்லை.

ஆகவே மறுமொழி அமைப்பைச் சோதிப்பதற்குரிய காலம் ஜூலை ஒன்றே என்பது பெறப்படும். ஏனைய மாதங்களில் எல்லோரும் இருக்கையில் இருப்பதால், மேற்கூறிய உபசாரச் சுழல் வெளிப்படாது. அம்மாதத்தில் ஆஸ்லோவில் சோதிக்க ஆள் யார் என்று வினவி நார்வே நண்பரொருவருக்கு எழுதினோம். ஆகஸ்டில் பார்ப்பதாக உடனே விடை வந்தது.