ராமக்கல்மெட்டுக்கு ஒருநாள் போய்வரத் திட்டமிடல்: ஒரு துணைக்கால் ஆய்வு

எந்த ஆய்வேடும் ஆய்வுக்களத்தின் பெயர்க்காரணம், எல்லை, தட்பவெப்பம், விளைபயிர் ஆகியவற்றை முதல் இயலாக வைத்துத்தான் தொடங்க வேண்டும். தலைப்பு தொழிற்பெயராக இருந்தாலும் விதிவிலக்கில்லை. ஆகவே: களம், கோம்பையில் எங்கள் வீட்டு மொட்டைமாடி. எல்லை, மேற்கே துணி காயும் கொடி. கொடிக்கு மேலே ராமக்கல். தட்பவெப்பம், ஆடியில் கொடியோடு துணி போய்விடும். விளைபயிர், வடகம்.

"ஒருநாள் அந்தப் பாறைக்குப் போயிட்டு வருவமா மாப்ள?" என்று பங்காளி ஒருவர் கேட்டு ஏழு வாரம் ஆகிறது. அதன்பின் மூன்று கூட்டங்கள் கூடின (டீக்கடைப் பெஞ்சு, இடதுபக்கம், காலை 6 மணி அமர்வு). மூன்றிலும் டீ சொல்லும் தீர்மானம் மட்டும் ஒருமனதாக நிறைவேறியது.

வழி இரண்டு. ஊரிலிருந்து நேரே மலையேறும் பழைய நடைபாதை ஒன்று. அது காட்டுக்குள் போவது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் பிடித்த தீக்குப் பிறகு, அனுமதி வாங்காமல் காட்டில் கால் வைக்கும் பேச்சுக்கே இடமில்லை. இந்த இடத்தில் மட்டும் இக்கட்டுரையாளர் விளையாடவில்லை. மற்ற வழி, கம்பம் போய், கம்பம்மெட்டு ஏறி, கேரளத்துக்குள் தூக்குப்பாலம் பக்கமாகச் சுற்றி, நம் மாடிக்கு நேர் மேலே நிற்கும் பாறையை அதன் முதுகுப்பக்கமாகப் போய்ப் பிடிப்பது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதால் ஆய்வுநெறிக்கு முற்றும் பொருந்துகிறது.

உணவு: புளிச்சோறு.

காற்று: உண்டு. மேலே காற்றாலைகளை வேடிக்கைக்கு நட்டுவைக்கவில்லை. தொப்பி வேண்டாம்.

புறப்படும் நேரத்தில்தான் முதல் சிக்கல். தொல்காப்பியப்படி குறிஞ்சிக்கு உரிய சிறுபொழுது யாமம்; நாங்கள் குறித்ததோ விடியல், அது மருதத்துக்கு உரியது. கம்பம் வரை இருபுறமும் வயல் என்பதால் அதுவரை இலக்கண வழு இல்லை. மெட்டு ஏறத் தொடங்கியதும் நள்ளிரவாகிவிட வேண்டும். பேருந்துக் கால அட்டவணை இதற்கு இடம் தரவில்லை. இதைத் திணைமயக்கம் என்று அமைதி கூறலாம். 1895இல் அணை கட்டி முடித்ததிலிருந்து, பெயரிலேயே முல்லையை வைத்திருக்கும் பெரியாற்றுத் தண்ணீர்தான் இங்கே மருதத்தை விளைவிக்கிறது என்பது போதுமான மேற்கோள்.

இனி மையச் சிக்கல். பேருந்தில் ஏறி எந்த ஊருக்கு டிக்கெட் கேட்பது? ராமன் நின்ற கல் என்பதால் ராமக்கல் என்பார் ஒரு சாரார். சீதையைத் தேடி வந்த ராமன் கால் வைத்ததால் ராமக்கால், அது குறுகி ராமக்கல் என்பார் மறுசாரார் (மினிபஸ் நடத்துநர், வாய்மொழி, சில்லறை பாக்கி இருந்தபோது கூறியது). கல்லுக்கும் காலுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரே ஒரு துணைக்கால். அப்படியானால் ராமன் வைத்தது எந்தக் கால்? வலக்காலா, இடக்காலா என்று பக்தர்கள் சண்டையிடட்டும். துணைக்காலா என்று இதுவரை எந்தப் பல்கலைக்கழகமும் கேட்கவில்லை. அந்தக் காலை எடுத்தவர் யார்? பலகை எழுதியவரைத்தான் சந்தேகிக்க வேண்டியுள்ளது (பெயிண்டர், நேர்காணல், ஏணியின் நான்காம் படியிலிருந்து, கீழே நின்று கேட்டெழுதிய தாளில் பச்சைப் பெயிண்ட் சொட்டியதால் இரண்டாம் வரி சிதைவு).

நிற்க. ஓலைச்சுவடியில் மெய்க்குப் புள்ளி வைப்பதில்லை. துணைக்காலும் ரகரமும் ஒரே உருவத்தில் நிற்கும். ஆகவே 'கால்' என்பதைக் 'கரல' என்றும் படிக்கலாம். படிக்கலாம் என்றால் படித்தே தீரவேண்டும். முனைவர் பட்டங்கள் பல அப்படித்தான் பிழைத்திருக்கின்றன. 'கரல' என்பது 'கேரள' என்பதன் சிதைவு. கொம்பு காற்றில் பறந்திருக்கலாம் (காற்று: மேலே காண்க). இந்தக் கண்டுபிடிப்பை இக்கட்டுரையாளர் முதலில் எழுதிவைத்தது ஒரு பேருந்து டிக்கெட்டின் பின்புறம் (சட்டைப்பைப் பதிப்பு, சலவைக்குப் பின் வெளிவந்த திருத்திய பதிப்பில் பாடபேதம் மிகுதி, இஸ்திரிக்குப் பின் வந்த மூன்றாம் பதிப்பே செம்பதிப்பு). எல்லைக்கு இருபுறமும் ஒரே வாரத்தில் இரண்டு கருத்தரங்குகளில் இதை வாசித்தால் இரண்டு சான்றிதழ், இரண்டு பகலுணவு, பணம் கட்டினால் ஐஎஸ்பிஎன் எண்ணோடு ஒரு தொகுப்பு. மலைக்குப் போனவர்கூட இவ்வளவு பெற்றதில்லை.

ஈற்றுச்சொல்லிலும் தகராறு. கேரளப் பலகை 'மேடு' என்கிறது. நாம் போடிமெட்டு, கம்பம்மெட்டு வரிசையில் 'மெட்டு' என்கிறோம். கீழிருந்து மூச்சுவாங்க ஏறுகிறவனுக்கே அது மெட்டு, மேலே குடியிருப்பவனுக்கு வெறும் மேடு என்பது நம் துணிபு. பக்கத்துப் பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்த ஒருவர் மெட்டுக்கு வேறு பொருளை உலகறியச் செய்துவிட்டதால் அகராதிக்காரர்கள் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

கள ஆய்வு இல்லாத கட்டுரையைத் திருப்பி அனுப்புவார்கள் என்பதால் அப்பத்தாவைப் பேட்டி கண்டேன். ஏலக்காட்டுக்குக் காய் எடுக்க, தூக்குச்சட்டியோடு இருட்டில் அந்த நடைபாதையிலேயே ஏறி இறங்கியவர். இப்போது அந்த வேலைக்கு ஜீப்பில் போகிறார்கள். விடியுமுன் தெருமுனையில் ஹாரன் கேட்கும், பெண்கள் நெருக்கியடித்து ஏறிக்கொள்வார்கள், பொழுது சாயத் திரும்புவார்கள். யாரும் கூட்டம் போட்டதாகத் தெரியவில்லை.

"அப்பத்தா, அது ராமன் கல்லா, ராமன் காலா?"

வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னார்: "அத யாரு கண்டா? ஏறயில வலிச்சது எங் காலுதான்." பிறகு, "அங்கிட்டு நின்னு என்னத்தய்யா பாக்கப்போறீக? நம்ம ஊருதான தெரியும்?"

உண்மை. அங்கே நின்றால் கோம்பை, தேவாரம், கம்பம் என்று பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியுமாம். எங்கள் மாடியும் தெரிய வாய்ப்புண்டு. இதை மேலாய்வுக்கு விடுகிறோம்.

நான்காம் கூட்டம் வரும் ஞாயிறு, அதே பெஞ்சில். அன்று மேகம் இறங்கவில்லையென்றால் அங்கிருந்தே பாறை நன்றாகத் தெரியும்.